கம்முனு இருக்கற நேரம்

மதியம் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவாமல் அப்படியே தொட்டிக்குள் வைத்தாள் சுகுணா. ஒவ்வொரு தட்டாக, ஒன்றின்மேல் ஒன்று இடிக்காமல், நடுவில் துணியைக் கொடுத்து வைத்தாள். குழாயைத் திறந்தால் தண்ணீர் சுவருக்குள் ஓடும். அந்தச் சுவர் நேராகக் கீழே இறங்கி அவளுடைய தலைமாட்டில் போய் நிற்கும். அவள் என்றால் கீழ்வீட்டுக்காரி, ஃபிராவ் கெஸ்லர். இந்த ஜெர்மனியில் பொம்பளைகளை ஃபிராவ் போட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்று நந்தகோபால் சொல்லிக்கொடுத்திருந்தான், சுகுணா மனசுக்குள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒன்றிலிருந்து மூன்று மணிவரைக்கும் கட்டடத்தில் சத்தம் கூடாது. சட்டமா வழக்கமா என்று கேட்டால், "ரெண்டுந்தான்னு வெச்சுக்கயேன்" என்பான் நந்தகோபால். அவனுக்கென்ன, இந்நேரம் கம்பெனி கேண்டீனில் உட்கார்ந்து உருளைக்கிழங்கைக் கத்தியால் வெட்டித் தின்றுகொண்டிருப்பான். ரெண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு பிணம் மாதிரி கிடக்க வேண்டியது இவள். ரெண்டு வயசுச் செழியன் கம்பளத்தில் குப்புறப் படுத்து ஒரு கார் பொம்மையை மூக்குக்கு முன்னால் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தான். கம்பளத்துக்கு அடியில் இன்னொரு கம்பளம், அதற்கும் அடியில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளம். ஐந்து வயசுப் பவிஷா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து பொம்மைக்குத் தலை வாரினாள். பொம்மையிடம் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள், உதடு மட்டும் அசைந்தது. என்ன வார்த்தை என்று சுகுணாவுக்குத் தெரியும். லைசே. மெதுவாக, சத்தமில்லாமல் என்று அர்த்தம். இந்த நாட்டுப் பாஷையில் தன் மகள் முதன்முதலாகப் பிடித்துக்கொண்ட வார்த்தை. தண்ணி வேண்டும், பசிக்கிறது, என் பேர் பவிஷா எல்லாம் அதற்குப் பிறகு வந்தவைதான்.

தரை முழுக்க மரம். வீடு பார்க்க வந்த அன்றைக்கு அந்த மரத்தைப் பார்த்துத்தான் மயங்கினாள். தேன் நிறத்தில் பளபளவென்று, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தடவிப் பார்த்தாள், வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். இப்போது அந்த மரத்தை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தலாம் போல இருந்தது. ஒரு எட்டு வைத்தால் முனகுகிறது, எட்டை எடுத்தால் இன்னொரு தடவை முனகுகிறது, கோள்மூட்டவென்றே செய்த தரை. நாற்காலிக் கால்களுக்குச் செழியனுடைய பழைய சாக்ஸ் மாட்டியிருக்கிறது. மிக்ஸியைக் குளியலறையில், ரெண்டு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு அரைக்கிறாள். கக்கூசுக்குப் பக்கத்தில் சட்னி அரைக்கிறவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். குடிவந்த புதிதில், ஓடக் கற்றுக்கொண்ட சந்தோஷத்தில் செழியன் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் தொம்தொம்மென்று ஓட, தரைக்கு அடியிலிருந்து டொக் டொக் டொக் என்று மூன்று இடி. பவிஷா, "அம்மா, யாரோ கதவத் தட்றாங்க. கீழ இருந்து" என்றாள். விளக்குமாற்றுக் கட்டையாகத்தான் இருக்கும். குக்கர் விசில் அடித்த அன்று மேலேயே ஏறி வந்துவிட்டாள். ஒட்ட வெட்டிய வெள்ளைமுடி, பொத்தான் எல்லாம் போட்ட கம்பளிச் சட்டை, எழுபது வயசிருக்கும். வாசலில் நின்று நீளமாக என்னவோ சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. கிண்டர், கிண்டர் என்று வந்தது. கிண்டர் என்றால் குழந்தைகள், அது மட்டும் தெரியும். சுகுணா சிரித்தாள். அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. ஒருத்தி தன் குழந்தைகளைப் பற்றி வாசலில் நின்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள், இவள் சிரித்துச் சிரித்துத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் தன் வாயிலேயே போட வேண்டும் போல இருக்கும். அதற்கப்புறம் வீட்டுக்காரர் நந்தகோபாலைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். யோசிப்பது என்றால் என்னவென்று அவனுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். இந்த வீடு கிடைப்பதற்கு முன்னால் ஒற்றை அறையில், ஒரே கட்டிலில் நாலு பேர், ஜன்னலுக்கு எதிரே சுவர், பெட்டிகளைப் பிரிக்காமல் அதன்மேலேயே சாப்பிட்டு... மறுபடி அங்கேயா? கீழ்வீட்டுக்காரி செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்று ஒருநாள் குளிக்கும்போது நினைத்தாள். நினைத்துப் பயந்து சாமி படத்துக்கு முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் மறுபடியும் நினைத்தாள். கஷ்டப்படாமல் போகட்டும் என்று மட்டும் சேர்த்துக்கொண்டாள்.

ஆனால் இந்த வாரம் ஒரு இடி இல்லை. ஒன்றுகூட இல்லை. முந்தாநாள் சாப்பிடும்போது நந்தகோபால், "பாத்தியா, கொழந்தைங்க பழகிக்கிச்சு. நீதான் சும்மா பயந்துட்டே இருந்த" என்றான். பழகிக்கிச்சாம். யார் பழக்கியது? ஒன்றுக்குப் போகவேண்டும் என்றால் விரலைத் தூக்கிக் காட்டவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது யார்? தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்மவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது யார்? கீழே ஒரு பாட்டி இருக்கிறாள், தரையில் காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், யார் கால் சத்தம் கேட்கிறதோ அந்தக் காலைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொள்வாள் என்று ஒருநாள் ஆத்திரத்தில் சொன்னாள். பவிஷாவின் முகம் வெளுத்தது. வெளுத்தாலும் பலன் இருந்தது, அன்று முழுக்க ஒரு சத்தமில்லை, அதனால் அடுத்த நாளும் சொன்னாள். சோமனூரில் சுகுணா பிறந்த வீட்டுக்கு அடுத்த தறி ஷெட்டில் எட்டு விசைத்தறி. ராத்திரி பகல் எந்நேரமும் டக்கடி டக்கடி டக்கடி. அந்தச் சத்தத்தில்தான் தூங்கினாள், படித்தாள், வயசுக்கு வந்தாள். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் குழந்தைகள் எல்லாம் திடுக்கென்று விழித்து அழும். அதொன்றும் சொர்க்கம் இல்லை. அவளுடைய அப்பாவுக்கு அந்தத் தறிகளிடையே காது போனது, இன்றைக்கும் வீடியோவில் கூப்பிட்டு, "கண்ணு! சாப்டாச்சா கண்ணு!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். சத்தத்தைக் குறைத்து வைத்தாள். அப்புறம் இந்த நேரத்தில் எடுப்பதையே நிறுத்தினாள். அப்புறம் மற்ற நேரத்திலும். திருப்பூரில் அவள் வேலைபார்த்த பனியன் கம்பெனியில் அவளுடைய வாய்க்கு ஒரு பேர் இருந்தது. சரக்குக்குச் சாயம் சரியாக ஏறவில்லை என்றால் சுகுணாவை விட்டுப் பேசச் சொல்வார்கள், சாயப்பட்டறைக்காரர் நாலு வார்த்தையில், "அம்முணி, நாளைக்குக் காலைல சரக்கு உங்க வாசல்ல இருக்குமுங்க" என்பார். அந்த வாய்தான் நந்தகோபாலையும் பேசிப் பேசி இங்கே கிளப்பியது. அவன் தயங்கினான், அம்மா அப்பா தனியாக இருப்பார்கள் என்றான், குளிர் என்றான். இவள் பிள்ளைகளின் எதிர்காலம் என்றாள். எதிர்காலம் இதோ கம்பளத்தில் குப்புறப் படுத்துக் கிடக்கிறது, மூக்கு ஒழுக.

செழியனுக்குச் சளி. நேற்றிலிருந்தே மூக்கு அடைத்து வாயால்தான் மூச்சு விடுகிறான். இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுக்கலாம், தட்டினால் சத்தம். நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக் கொடுத்தாள், துப்பிவிட்டான். காலையில் பவிஷாவை அரைநாள் கிண்டர்கார்டனில் விடப் போனபோது அங்கிருக்கும் டீச்சர் இவளைத் தனியாகக் கூப்பிட்டாள். சின்னப் பெண், மூக்கில் வளையம், சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள், இன்றைக்குச் சிரிக்கவில்லை. போனை எடுத்துத் தன் பாஷையில் பேசி இவளிடம் நீட்டினாள், திரையில் தமிழில் வந்தது. உங்கள் மகள் எப்போதும் கால்விரல் நுனியில் நடக்கிறாள். தோட்டத்திலும். புல்லிலும். கவனித்தீர்களா? சுகுணா தலையாட்டினாள். டீச்சர் மறுபடி போனில் பேசினாள். மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அப்புறம் கொஞ்சம் யோசித்து இன்னொன்று. வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா? தமிழில் எழுதியிருந்ததாலோ என்னவோ அந்தக் கேள்வி யாரோ தெரிந்தவர்கள் கேட்டமாதிரி நெஞ்சில் இடித்தது. "குட், குட், ஆல் குட்" என்றாள். மறுபடியும் அந்தச் சிரிப்பு. வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. இந்த ஊர்த் தமிழ்ப் பெண்களின் வாட்ஸப் குரூப்பில் அடிக்கடி ஒரு பேச்சு வரும். யாருக்கோ தெரிந்த யாருக்கோ நடந்ததாம், குழந்தை ராத்திரி பகலாக அழுததாம், பக்கத்து வீட்டுக்காரர் போன் போட்டாராம், அதிகாரிகள் வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். யார், எந்த ஊர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் பொய் என்று தெரிந்தாலும் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குழந்தை ஓடினால் இடி. குழந்தை அழுதால், அந்த அழுகையைக் கீழே கேட்டுக்கொண்டிருப்பவள் என்ன நினைப்பாள்? அடிக்கிறாள் என்று நினைப்பாள். மேல்வீட்டுக் கறுப்பி பிள்ளைகளைப் போட்டு அடிக்கிறாள் என்று போன் போடுவாள். அதனால் ஓடக்கூடாது, அழக்கூடாது. சிரித்தால்கூட, சிரிப்பா அழுகையா என்று மரத்தளத்துக்கு என்ன தெரியும்?

டணங்.

எவர்சில்வர் டம்ளர். சோபா ஓரத்தில் செழியனுக்கு வெந்நீர் ஆற வைத்திருந்தாள், அவன் எப்போது எழுந்தான், எப்படி எட்டினான் என்று தெரியவில்லை. டம்ளர் கம்பளத்தைத் தாண்டி வெறும் மரத்தில் விழுந்து, விழுந்ததோடு நிற்காமல் உருண்டது. ஒரு பாத்திரம் உருளுவதற்கு இவ்வளவு நேரம் எடுக்குமா? சுவரில் முட்டி, திரும்பி, அரை வட்டம் போட்டு, ஆடி ஆடி நின்றது. சுகுணா மூச்சைப் பிடித்தாள். பவிஷாவின் சீப்பு பொம்மையின் தலையிலேயே நின்றுபோனது. இப்போது வரும். டொக். இதோ வரும். கீழே அவள் எழுந்து உட்காருகிறாள், செருப்பை மாட்டுகிறாள், விளக்குமாறு சமையலறையில் கதவுக்குப் பின்னால் இருக்கும், போகிறாள், எடுக்கிறாள். வரவில்லை. இடி வரவில்லை. சுகுணாவுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது, அப்புறம்தான் உறைத்தது. இடிக்கிறவள் இடிக்காமல் இருந்தால் வேறெதையோ செய்கிறாள் என்று அர்த்தம். விளக்குமாற்றை எடுக்கப் போனவள் போனை எடுத்திருப்பாள். இப்போது வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருப்பாள், குரலை உயர்த்தாமல், கிண்டர், கிண்டர். இந்த வாரம் முழுக்க இடிக்காமல் இருந்தது பொறுமையால் இல்லை, சேர்த்துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கள்ளி. சாயங்காலம் நந்தகோபால் வருவான், சட்டையைக் கழற்றாமலேயே உட்காருவான், "போன் வந்துச்சு" என்பான். பெட்டிகள் பரண்மேல் இருக்கின்றன. கம்பளங்களைச் சுருட்ட வேண்டும். சாக்ஸ்களைக் கழற்ற வேண்டும். சரி, போகலாம், எங்கேயாவது போகலாம், போகும் முன்னால் ஒருநாள், ஒரே ஒருநாள், நடு மதியத்தில் அம்மிக்கல் ஒன்று வாங்கிவந்து இந்த மரத்தின் மேல் போட்டு... என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே செழியன் டம்ளரை எடுக்கப் போனான். அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்துவிட்டது. இன்னொரு தடவை போட வேண்டும். கையில் எடுத்து, தலைக்கு மேலே தூக்கி, அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அவள் பாய்ந்து பிடுங்கினாள்.

அவன் அழ வாயைத் திறந்தான். திறந்து, உள்ளே காற்றை இழுத்து, சத்தம் வெளியே வருவதற்கு முன்னால் குழந்தைகளுக்கு ஒரு இடைவெளி இருக்குமே, அந்த இடைவெளியில் அவளுடைய கை போய் வாயைப் பொத்தியது. கம்முனு இரு சாமி, கம்முனு இரு, கம்முனு இரு, என்று சொன்னாளா, நினைத்தாளா தெரியவில்லை. அவனுடைய அழுகை உள்ளங்கையில் வந்து முட்டியது. சூடாக இருந்தது. மார்போடு அணைத்துக்கொண்டு இன்னும் இறுக்கினாள். கொஞ்ச நேரம்தான், அடங்கிவிடுவான், நேற்றும் இப்படித்தான் அடங்கினான். கீழே கேட்டிருக்குமா? கேட்டிருக்காது. பேசி முடித்திருப்பாளா? மணி என்ன? வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறாரா? அவனுடைய கால் அவள் தொடையில் உதைத்தது, உதைக்கட்டும், தொடையில் உதைத்தால் சத்தம் வராது. கால் உதைப்பது நின்றது. அப்பாடா, அடங்கினான் என்று நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் முழங்கைக்கு மேலே தீ வைத்தமாதிரி ஒரு வலி. பார்த்தாள். பவிஷா. சோபாவிலிருந்து எப்போது இறங்கி வந்தாள்? ஒரு முனகல்கூட இல்லாமல் வந்து, அம்மாவின் கையைப் பல்லால் கவ்விக்கொண்டு தொங்கினாள், கண் மட்டும் மேலே பார்த்து, இவள் முகத்தையே பார்த்தது. தன் மகளுடைய கண் என்று சுகுணாவுக்கு ஒரு நொடி தெரியவில்லை. கையை எடுத்தாள். செழியனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூக்கில்தான் மூச்சில்லையே. மூக்கில்தான் நேற்றிலிருந்து மூச்சே இல்லையே. ஐயோ என்று அவனைக் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினாள், தடவினாள், நிமிர்த்தி வாயில் ஊதினாள். ஹக் என்று ஒரு சத்தத்தோடு அவன் காற்றை இழுத்தான். இன்னொரு தடவை இழுத்தான். முகம் சிவந்தது. வாய் கோணியது. அழப்போகிறான், அழட்டும், அழுடா என்று காத்திருந்தாள். அவன் அழவில்லை. அக்காவைப் பார்த்தான், அம்மாவின் கையைப் பார்த்தான், வாயைத் தானே இறுக்கி மூடிக்கொண்டான். மார்பு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது.

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள், காற்றுக்காக. ஜன்னலைத் திறந்தாள், திறக்கிற சத்தத்தைக்கூட அவள் கவனிக்கவில்லை. கீழே தெருவில் ஒரு டாக்சி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பின்னால் போய்ப் பெரிய பெட்டி ஒன்றை இறக்கி வைத்தார். பின் கதவு திறந்து ஒரு வைக்கோல் தொப்பி வெளியே வந்தது. தொப்பிக்குக் கீழே வெயிலில் சிவந்துபோன முகம், பூப்போட்ட சட்டை, தோளில் துணிப்பை. பெட்டியின் கைப்பிடியில் விமானத்தில் கட்டிவிட்ட சீட்டு காற்றில் படபடத்தது. அவள் நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தபோதுதான் சுகுணாவுக்கு அது யார் என்று தெரிந்தது. கீழ்வீட்டுக்காரி. கடலுக்குப் போய்விட்டு வருகிறாள். இன்றைக்குப் போய் இன்றைக்கு வந்த முகம் இல்லை அது, ஒரு வாரம் வெயிலில் கிடந்து ஊறிய முகம். அப்படியென்றால் இந்த வாரம் முழுக்கக் கீழே யாரும் இல்லை. முந்தாநாள் இல்லை. நேற்று இல்லை. இப்போது, இந்த மதியம், சற்று முன்னால், இவள் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது, தரைக்கு அடியில் ஒரு காலி வீடு. மூடிய ஜன்னல், மடித்துவைத்த போர்வை, கதவுக்குப் பின்னால் சும்மா நிற்கிற விளக்குமாறு. யாருக்காக? வாரம் முழுக்க இந்தக் குழந்தைகளின் தலைமாட்டில் நின்றவள் யார்? தரையில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் யார்? பதில் வருவதற்குள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் நல்லது, கோபம் வந்தால் யோசிக்க வேண்டாம்.

கதவைத் திறந்துகொண்டு, நைட்டியும் மேலே ஸ்வெட்டருமாக, இடுப்பில் செழியனோடு படியிறங்கினாள். செருப்பு படிக்குப் படி பட்பட்டென்று அடித்தது. ஃபிராவ் கெஸ்லர் தன் வாசலில் பெட்டியை நிறுத்தி, பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிருந்த நீ?" என்றாள் சுகுணா. தமிழில்தான். வேறெதில் கேட்பாள்? "ஊருக்குப் போனா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதுக்கென்ன? நான் இருக்க மாட்டேன், உன்ற புள்ளைங்க ஓடட்டும் ஆடட்டும்னு ஒரு வார்த்தை! கீழ நீ இருக்கறன்னு நெனச்சு, நெனச்சுத்தான்..." எவ்வளவு காலமாயிற்று இந்தக் குரலைக் கேட்டு. படிக்கட்டு முழுக்க ஏறி இறங்கி அவளிடமே திரும்பி வந்தது.

ஃபிராவ் கெஸ்லர் தொப்பியைக் கழற்றினாள். பயந்தமாதிரியும் தெரியவில்லை, கோபப்பட்டமாதிரியும் தெரியவில்லை. சுகுணாவுக்குப் பின்னால், மேல்படியில் வந்து நின்ற பவிஷாவை நிமிர்ந்து பார்த்து என்னவோ கேட்டாள். பவிஷா பதில் சொன்னாள். ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை என்று சுகுணா நினைத்துக்கொண்டிருந்த பாஷையில் மகள் தொடர்ந்து பேசினாள். நடுவில் மாமா என்று வந்தது. இந்த ஊரில் மாமா என்றால் அம்மா. அப்புறம் ப்ரூடர், தம்பி. அப்புறம் வார்த்தை கிடைக்காமல் நின்றாள். யோசித்தாள். தன் வலது கையை எடுத்து, விரல்களை விரித்து, தன் வாயையும் மூக்கையும் சேர்த்து அழுத்திக் காட்டினாள். கண்ணை அகல விரித்துக் காட்டினாள். ரொம்ப நேரம் காட்டினாள். சுகுணாவுக்கு எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. இல்லை, அப்படி இல்லை, குழந்தை சும்மா சொல்கிறது, விளையாட்டு, சளி, மூக்கடைப்பு, என்று எல்லாம் வாய்க்குள் திரண்டன. ஃபிராவ் கெஸ்லர் பவிஷாவைப் பார்ப்பதை விட்டு, இடுப்பில் இருக்கிற செழியனின் கன்னத்தைப் பார்த்தாள். அங்கே நாலு விரலும் பதிந்திருந்தது.

புதுமுகம் தன்னையே பார்ப்பதைப் பார்த்து அப்போதுதான் செழியன் அழுதான். வாயைத் திறந்து, கட்டடம் கிடுகிடுக்க, அடைத்த மூக்கோடு, இவ்வளவு நேரம் உள்ளே வைத்திருந்த அத்தனையையும் சேர்த்து அழுதான். சுகுணாவின் கை தானாக எழுந்தது. எழுந்ததைப் பார்த்தாள். அதைக் கொண்டுபோய் மாடிப்படியின் இரும்புக் கம்பியைப் பிடிக்கவைத்தாள், பிடித்துக்கொண்டே அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஃபிராவ் கெஸ்லர் கதவைத் திறந்து, பெட்டியை வெளியிலேயே விட்டுவிட்டு, உள்ளே போனாள். கதவை மூடவில்லை. போனை எடுக்கத்தான் போகிறாள். நைட்டிப் பையில் இவளுடைய போன் அதிர்ந்தது. நந்தகோபால், சாப்பாட்டு நேரத்து வழக்கமான அழைப்பு.

"ஏன் அவன் கத்தறான்?" என்றான். "எங்க இருக்கறீங்க, கொண்டுபோயிக் கிணத்துக்குள்ள வெச்சுப் பேசறாப்பல இருக்குது? ஏப்பா, மூணு மணிகூட ஆகலை. மொதல்ல அவன் வாயைப் பொத்து."

"பொத்துனனுங்க."

"என்னது?"

"பொத்துனனுங்க. மூக்கும் சேந்து போச்சு. மூச்சு வரலை. பவிதான் என்ற கையைக் கடிச்சு எடுத்துவுட்டா."

அந்தப் பக்கம் கேண்டீனில் முள்கரண்டிகளின் சத்தம் கேட்டது.

"இப்ப நல்லாத்தான இருக்கான்?"

"அழுவறது கேக்குதுல்லீங்க."

"சரி. சரி, வுடு. யாருகிட்டயும் இதச் சொல்லிட்டு இருக்காத."

"பவி கீழ்வீட்டம்மாகிட்டச் சொல்லிட்டா."

"ஐயோ." நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவன் எழுந்தது கேட்டது. "சுகுணா, நாஞ் சொல்றதக் கேளு. சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்னு பவியச் சொல்லச் சொல்லு. இப்பவே. அவங்க யாருக்காச்சும் போன் போடறதுக்குள்ள."

சுகுணா திரும்பி மேல்படியைப் பார்த்தாள். பவிஷா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவாள். ஒரு கண் அசைவு போதும், அப்படிப் பழக்கியாயிற்று. தன் வாயால் சொன்னதைத் தன் வாயாலேயே விழுங்கிவிட்டு, பொம்மையிடம் போய் உட்கார்ந்துகொள்வாள். அவ்வளவு நல்ல பிள்ளை. அதை நினைத்தபோதுதான் சுகுணாவுக்கு, சற்று முன்னால் கையில் பாய்ந்த பற்கள், அந்தக் கடி ஒன்றுதான் இந்த வீட்டில் மிச்சமிருக்கிற நல்லது என்று தோன்றியது.

"சொல்லச் சொல்ல மாட்டனுங்க," என்றாள். அவன் மேலே பேசிக்கொண்டே இருந்தான். அவள் போனை மடியில் வைத்தாள்.

ஃபிராவ் கெஸ்லர் வெளியே வந்தாள். கையில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். சுகுணாவைத் தாண்டிப் படியேறிப் போய் அதைப் பவிஷாவிடம் கொடுத்தாள். பவிஷா ரெண்டு கையாலும் வாங்கி மூச்சுவிடாமல் குடித்தாள். குடித்து முடிக்கும்வரை நின்று, டம்ளரை வாங்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில் அவளிடம் ஏதோ சொன்னாள். இறங்கி வரும்போது செழியனின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். புறங்கையை அவன் மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். சுகுணாவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் சுகுணா.

"நாளைக்கு மேல வருவாங்களாம்," என்றாள் பவிஷா. "பாக்கறதுக்கு."

"என்னையவா?"

"இல்ல. தம்பியையும் என்னையும். நாளைக்கு மட்டும் இல்ல, தெனமும்னு சொன்னாங்க."

செழியன் அழுது ஓய்ந்து அவள் தோளில் மூக்கைத் தேய்த்தான். கீழ்வீட்டுக் கதவு இன்னும் முழுசாக மூடவில்லை, பதிலுக்காக நிற்கிறவள் மாதிரி அந்த வெள்ளைத்தலை கதவிடுக்கில் தெரிந்தது. வரட்டும். வந்து பார்க்கட்டும். நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கட்டும். அவளை இப்போதும் பிடிக்கவில்லை, அந்தக் கம்பளிச் சட்டையும் தாழ்ந்த குரலும் இப்போதும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் நாளைக்கு மதியம் இந்தக் குழந்தைகளோடு அந்த வீட்டுக்குள் தன்னைத் தனியாக விடக் கூடாது.

"வரச் சொல்லு கண்ணு," என்றாள் சுகுணா. "கண்டிப்பா வரச் சொல்லு."